கப்பல் படம் போட்ட நோட்டீஸ்

காஜா பேராங், மலாக்கா
16 ஜூன் 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சிங்கப்பூருக்கு பஸ் ஏறி மூன்று வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக எழுதிய போஸ்ட்கார்டு கிடைத்தது. நான்கே வரி. அதை அம்மாவுக்கு ஆறு முறை படித்துக் காட்டினேன். இன்னும் ஏதாவது எழுதியிருக்கும், நான்தான் மறைக்கிறேன் என்று நினைக்கிறார்.

அம்மாவின் வலது கையும் காலும் நீங்கள் பார்த்தபடியேதான் இருக்கின்றன. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. காலையில் எழுப்பி உட்காரவைத்ததும் முதலில் கேட்பது, "பெரியவன் சாப்பிட்டானா?" நான் சாப்பிட்டேனா என்று கேட்பதில்லை. நான் இங்கேதானே இருக்கிறேன்.

நம் விளம்பரப் பலகைக் கடை நடக்கிறது. நல்லையா மாமா ஆர்டர் எடுத்து வருகிறார். நான் பின்னறையில் உட்கார்ந்து தாளில் எழுத்து வரைந்து கொடுக்கிறேன். அவர் அதைப் பலகையில் ஏற்றிப் பெயின்ட் அடித்து, ஏணி போட்டு மாட்டிவிட்டு வருகிறார். யார் கேட்டாலும் நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறோம்: "ஜெயபாலன் சிங்கப்பூர்ல இருந்து வரைஞ்சு தபால்ல அனுப்புறாரு."

வியாழக்கிழமை உஜோங் பாசிர் மளிகைக்கடைக்காரர் பலகை வாங்க வந்தார். நான் முன்பக்கம் கூட்டிக்கொண்டிருந்தேன். "உள்ள போம்மா, ஆள் வருது" என்றார் மாமா. விளக்குமாற்றோடு உள்ளே வந்துவிட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். "ஜெயபாலன் கை கைதான்யா. சிங்கப்பூர் போனப்புறம் இன்னும் படிஞ்சிருக்கு" என்று அவர் சொன்னார். அந்தப் பலகைக்கு எழுத்து வரைந்த நீல மை என் விரலில் இன்னும் போகவில்லை.

நான் குறை சொல்லவில்லை அண்ணா. ஒப்புக்கொண்டதுதான். நீங்கள் ஒரு வருஷம் விளம்பரக் கலை வகுப்பில் படிப்பீர்கள்; வாரம் ஒரு பாடம் எனக்கு எழுதி அனுப்புவீர்கள்; அடுத்த ஜூனில் நீங்கள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள, நான் போவேன். பாடம் எழுத நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். மூன்று வாரத்துக்கு மூன்று பாடம் பாக்கி.

பின்னறை ஜன்னலைத் திறந்தால் சாக்கடையும் அடுத்த வீட்டுச் சுவரும்தான். மூடினால் டர்பென்டைன் வாடை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தினமும் ஒரு முறை யோசிக்கிறேன்.

அன்புடன்,
கோகிலா


சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
27 ஜூன் 1957

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

கோபப்படாதே. இங்கே மூச்சுவிட நேரமில்லை. வாரம் மூன்று நாள் வகுப்பு. மற்ற நாள்களில் வகுப்பு நடத்துபவரின் விளம்பரக் கம்பெனியிலேயே உதவி ஆளாக வேலை. பத்துப் பேர் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். சீனர், மலாய்க்காரர், மலையாளி என்று எல்லோரும் உண்டு. எனக்குக் கொடுத்திருப்பது பிஸ்கட் டப்பாவுக்கு ஓரக்கோடு போடும் வேலை. சிரிக்காதே, அதிலும் நுணுக்கம் இருக்கிறது.

முதல் பாடம் எழுதிக்கொள்: வெற்றிடம். தாள் முழுவதையும் நிரப்பக் கூடாது. நாம் வரையாமல் விட்ட இடமும் பேசும். நம் ஊரில் நோட்டீசில் ஒரு விரல் வைக்க இடம் விடமாட்டோம். அது தப்பு.

முன்பக்கம் நிற்காதே என்று சொன்னதற்கு நீ வருத்தப்படுவது தெரிகிறது. உன் நல்லதுக்குத்தான். பெயின்ட் கடையில் பெண் நிற்கிறாள் என்று நாலு பேர் பேசினால் நாளைக்கு உன் கல்யாணத்துக்கு யார் பதில் சொல்வது? அடுத்த ஜூன் அடுத்த ஜூன்தான். நான் வாக்கு மாறமாட்டேன்.

அம்மாவிடம் சொல், பெரியவன் சாப்பிடுகிறான் என்று.

ஜெயபாலன்


காஜா பேராங்
22 செப்டம்பர் 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டாவது பாடம் வந்தது, மூன்றாவதும் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. இருக்கட்டும்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்தும் கை ஓயவில்லை. ஆகஸ்டில் மட்டும் பதினேழு அலங்கார வளைவுகளுக்கு எழுத்து வரைந்தேன். தமிழ், மலாய், இங்கிலீஷ். மலாய் பேசும் அடுத்த வீட்டுச் சிட்டிக் குடும்பத்தார் தங்கள் வாசலுக்கு மலாயில் ஒன்று கேட்டார்கள், அதையும் வரைந்தேன். கொண்டாட்டத்தன்று ஊரே பாடாங் மைதானத்துக்குப் போனது. நான் அம்மாவோடு இருந்தேன். சத்தம் மட்டும் வீடு வரை வந்தது. என் எழுத்துகள் மேலே தொங்க, அதற்குக் கீழே எத்தனை பேர் நடந்தார்களோ.

இப்போது எழுதுவது வேறு விஷயம். இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர்கள் குடியுரிமைக்கு மனுக் கொடுக்க வேண்டும். நம் வட்டாரச் சங்கம் ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறது. "கடைக்காரங்க ஆளுக்கொரு கை கொடுங்க" என்று சங்கத்தில் கேட்டபோது, நோட்டீஸ் நம் கடையின் பொறுப்பு என்று நல்லையா மாமா ஒப்புக்கொண்டு வந்தார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். நீங்கள் சொன்ன வெற்றிடம் விட்டு, சுற்றிலும் பூக்கொடி வரைந்து, எழுத்தை அச்சு மாதிரி எழுதினேன். சங்கத்தில் எல்லோரும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். ஐந்நூறு அடித்துத் தோட்டங்களுக்கு அனுப்பினோம்.

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. வந்தவர்கள் ஏழு பேர்.

போன ஞாயிறு பின்வாசலில் கீரை விற்கும் அஞ்சலை அக்கா வந்தார். புக்கிட் பாருவுக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், உங்களுக்குத் தெரியும். கீரைக்கட்டைச் சுற்றியிருந்தது என் நோட்டீஸ்.

"அக்கா, இது என்ன தாளுன்னு தெரியுமா?"

"கோயில் திருவிழா நோட்டீசுதானே? பூவெல்லாம் போட்டிருக்கே. அழகா இருக்குன்னு எடுத்து வச்சேன்."

நான் படித்துக் காட்டினேன். கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "தோட்டத்துல படிக்கத் தெரிஞ்சவுங்க கணக்கெழுதுற கிராணியும் வாத்தியாரும்தான். அவுங்களுக்கு எல்லாக் காயிதமும் இருக்கு. இது இல்லாதவுங்களுக்குத்தானேம்மா?" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அண்ணா, படிக்கத் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அங்கே வகுப்பில் சொல்லித் தருகிறார்களா? உடனே எழுதுங்கள்.

கோகிலா


சிங்கப்பூர்
6 அக்டோபர் 1957

அன்புத் தங்கைக்கு,

உன் கேள்வியை வகுப்பிலேயே கேட்டேன். பதில் சுலபம்: படம்! அதுவும் பலவாக அல்ல, ஒன்றே ஒன்று. தூரத்தில் இருந்து பார்த்தாலும் ஆளைப் பிடித்து இழுக்கிற மாதிரி பெரிதாக.

உனக்காக நானே ஒன்று யோசித்து, கோட்டுப் படமாக இத்துடன் வைத்திருக்கிறேன். புகை கக்கும் பெரிய கப்பல். அதன் முன்னால் கைகூப்பி நிற்கும் ஒரு குடும்பம். மேலே மலாயாக் கொடி. நம் மக்கள் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள்தானே? பார்த்ததும் 'இது நமக்கு' என்று புரிந்துவிடும். ஆசிரியர் பார்த்து, அமைப்பு நன்றாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார். வந்ததில் இருந்து முதல் பாராட்டு.

நகல் மெஷினுக்கான மெழுகுத் தாளில் அப்படியே கீறிக்கொள். கப்பலின் மூக்கை மட்டும் மாற்றாதே, அதில்தான் வேகம் இருக்கிறது.

ஜெயபாலன்


காஜா பேராங்
17 நவம்பர் 1957

அண்ணனுக்கு,

உங்கள் கப்பலை அப்படியே கீறினேன். மூக்கை மாற்றவில்லை. நல்லையா மாமா சங்கத்து மெஷினில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எண்ணூறு தாள் எடுத்தார். சைக்கிளில் ஐந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஒருவர்கூட வரவில்லை. அதற்கு அடுத்த புதன்கிழமை காலை அஞ்சலை அக்கா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். பின்வாசலில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா, உன் வீட்டுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? எங்கள ஏத்தி அனுப்பவா பார்க்குற?"

"என்னக்கா சொல்றீங்க?"

"கப்பல் படம் போட்டிருக்கு. குடும்பமே கையெடுத்துக் கும்பிட்டு அழுவுது. கைநாட்டு வச்சா ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு வேலை வாங்குற தண்டல் ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப தாளே வந்திருச்சு. லயத்து வரிசை வீட்டுல பாதிச் சனம் ராத்திரி ஆனா காட்டுல போய்ப் படுக்குது."

அவர் தோட்டத்தில் கலியாணசுந்தரம் என்று ஒருவர். மனைவி பாக்கியலட்சுமி, மூன்று பிள்ளைகள். எப்படியும் துரத்தத்தான் போகிறார்கள், மானத்தோடு நாமே போய்விடலாம் என்று ஆடுகளை விற்றுவிட்டுக் கப்பல் ஏறப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கிளம்பிவிட்டாராம். கேட்டதும் நல்லையா மாமா கிடைத்த லாரியில் ஏறிப் போனார். கப்பல் முந்தின நாளே புறப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகள் மூன்றும் இங்கே பிறந்தவை அண்ணா. ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

தோட்டத்துக்குப் போய் லயம் லயமாக நின்று, "அப்படி இல்லை" என்று சொல்ல வேண்டும் என்று துடித்தேன். மாமாவும் போர்ட்டுக்குப் போய்விட்டார். அம்மாவை யாரிடம் விட்டுப் போவது? இரண்டு நாள் இந்த அறைக்கும் அம்மா கட்டிலுக்கும் நடந்தேன். பதினான்கு அடி. எண்ணியிருக்கிறேன். அஞ்சலை அக்காதான் திரும்பிப் போய் ஒவ்வொரு வீடாகச் சொன்னார்.

கப்பலை யோசித்தது நீங்கள், கீறியது நான். இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் இன்று நானே ஒரு பாடம் எழுதினேன்: பார்க்கப் போகிறவரிடம் காட்டிக் கேட்காமல் எதையும் மெஷினில் ஏற்றாதே.

கோகிலா


சிங்கப்பூர்
1 டிசம்பர் 1957

கோகிலாவுக்கு,

படித்து மனம் கஷ்டப்பட்டது. ஆனால் அங்கே இருக்கிறவள் நீ. அடிப்பதற்கு முன் நீயே யாரிடமாவது காட்டியிருக்கலாம் அல்லவா? இங்கிருந்து நான் எதை என்று பார்ப்பது? போனவர் என்றைக்கிருந்தாலும் போகிற யோசனையில் இருந்தவராகத்தான் இருப்பார். மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பாடம் எழுத நேரம் கிடைக்கவில்லை. இப்போது சிகரெட் பெட்டிக்கு ஓரக்கோடு.

ஜெயபாலன்


காஜா பேராங்
9 பிப்ரவரி 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் டிசம்பர்க் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் அஞ்சலை அக்கா கீரையை விற்றுவிட்டு என் அறைக்கு வருகிறார். நான் ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது என்ன?" என்று மட்டும் கேட்பேன். எதையும் விளக்கமாட்டேன். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வேன். மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட அதிகாரியை வரைந்திருந்தேன். "போலீசு" என்றார். தொப்பியைக் கழற்றினேன். "இப்ப துரை" என்றார். கடைசியில் அந்த ஆளையே எடுத்துவிட்டு, நம் கோயில் மண்டபத்துத் தூண்களை வரைந்து, நடுவில் ஒரு பெஞ்சு போட்டேன். "இது நம்ம கோயில்ல சோறு போடுற எடம்" என்றார்.

உங்கள் வெற்றிடத்தையும் விட்டுப் பார்த்தேன். அவர் அந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, "இங்க இருந்தது அழிஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இந்த அறையில் இரண்டு பேர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அம்மா அங்கிருந்தே கேட்டார்.

முடிவில் எட்டுக் கட்டம். ரப்பர் மரம், லயத்து வீடு, அடையாளக் கார்டு, இரண்டு போட்டோ, தெரிந்தவர் இரண்டு பேர், கோயில் தூண், பெருவிரல், கடைசியில் அதே லயத்து வீட்டில் விளக்கு. கடைசிக் கட்டம் அஞ்சலை அக்கா கேட்டது. "மனு கொடுத்துட்டு வீட்டுக்குத்தான் திரும்பி வர்றோம்னு காட்டும்மா. அதுதான் எங்களுக்குத் தெரியணும்."

இதை முதலில் இருபது தாள் மட்டும் எடுத்து, மாமா ஒரு தோட்டத்தில் காட்டிக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் ஆயிரம்.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் நூற்று நாற்பது பேர். வரிசை வெளியே ரோடு வரை வந்ததாம். சங்கத்தில் எழுத ஆள் போதாமல் கான்வென்ட் டீச்சர் இரண்டு பேரைக் கூப்பிட்டார்களாம். எல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும். நான் பார்க்கவில்லை. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அஞ்சலை அக்கா மட்டும் மையோடு பெருவிரலைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து காட்டிவிட்டுப் போனார்.

"கடைசிக் கட்டத்துல இருக்கிற மாதிரியே வீட்டுக்குப் போறேன்" என்றார்.

கலியாணசுந்தரம் குடும்பத்தை நினைக்காத நாள் இல்லை.

கோகிலா


சிங்கப்பூர்
23 பிப்ரவரி 1958

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய தாளை மேசையில் வைத்திருந்தேன். பக்கத்து மேசைச் சீனர் எடுத்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எட்டுக் கட்டத்தையும் அப்படியே சொல்லிவிட்டார்! எனக்குப் பெருமையாக இருந்தது.

வகுப்பில் காட்ட வேண்டும். நீ தாளில் வரைந்த மூலப் படங்களையும், அஞ்சலை சொல்லி மாற்றியவற்றையும் சேர்த்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. கவனமாகத் திருப்பிக் கொண்டுவருகிறேன்.

ஜெயபாலன்


காஜா பேராங்
9 மார்ச் 1958

அண்ணனுக்கு,

முப்பத்தொரு படங்கள் அனுப்பியிருக்கிறேன். எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறாமல் பாருங்கள்.

இன்னும் மூன்று மாதம். பெண்கள் தங்க இடம் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? அம்மாவை எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் தலையணை, மருந்து எப்போது என்று எல்லாம் உங்களுக்காக எழுதி வைத்துவிட்டேன். நாலு பக்கம் வந்திருக்கிறது. துணியும் எடுத்து வைத்துவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

கோகிலா


சிங்கப்பூர்
18 மே 1958

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

படங்களை வகுப்பில் பரப்பியபோது கம்பெனி மானேஜரும் வந்து பார்த்தார். "யார் வரைந்தது?" என்று கேட்டார். பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக ஓரக்கோடு போட்டவனை முதல் தடவையாக எல்லோரும் பார்த்தார்கள், கோகிலா. என் கடையில் வரைந்தது என்றேன். அது பொய் இல்லை. அவர் அதை நான் வரைந்ததாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மறுவாரம் என்னைச் சித்திரக்காரனாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீறினால் கோர்ட்டுக்குப் போவார்களாம். அதனால் ஜூனில் நான் வர முடியாது. நீ வரவும் முடியாது, அம்மா இருக்கிறார்.

இப்போது தோட்டங்களுக்குப் பால்மாவு நோட்டீஸ் ஒன்று வந்திருக்கிறது. 'அந்த மாதிரியே' பன்னிரண்டு கட்டம் வேண்டும் என்கிறார்கள். நான்கு நாள் முயன்றேன். என் படத்தில் இருக்கிற ஆள்கள் மரக்கட்டை மாதிரி நிற்கிறார்கள். நீ வரைந்து இந்த மாத முடிவுக்குள் அனுப்பு. உன்னை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

உன் அண்ணன்,
ஜெயபாலன்


காஜா பேராங்
29 மே 1958

அண்ணனுக்கு,

பன்னிரண்டு படம் இத்துடன் இருக்கிறது. பால்மாவு எப்படிக் கரைப்பது என்பதை அஞ்சலை அக்காவிடம் காட்டிக் கேட்டுத்தான் வரைந்தேன். தப்பாக வரைந்தால் பிள்ளைகள் சாகும் என்பதால் அனுப்புகிறேன். உங்களுக்காக இல்லை.

ஒரு வருஷமாக இந்த ஊரில் 'ஜெயபாலன் கை' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம்தானே, சிங்கப்பூரில் யாருக்கும் உங்களைத் தெரியாது, அங்கே என் கை என் கையாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பொறுத்தேன். அங்கேயும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

எடுத்து வைத்த துணியை அலமாரியில் திரும்ப அடுக்கும்போது அம்மா பார்த்துவிட்டார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் முன்னால் படங்களை வைத்துப் பேசியபோது, கப்பலைப் பற்றிச் சொன்னீர்களா?

கோகிலா


சிங்கப்பூர்
20 ஜூலை 1958

கோகிலாவுக்கு,

கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. உன் கேள்வி என்னைத் தின்றுகொண்டே இருந்தது. ஜூன் மாதம் இன்னும் ஒரு கட்டுப் படம் கேட்டு எழுதினேன், நீ பதில் போடவில்லை. போன திங்கள்கிழமை மானேஜர் அறைக்குப் போனேன்.

எல்லாம் சொன்னேன். படம் வரைந்தது என் தங்கை, கப்பல் மட்டும் நான், அதனால் ஒரு குடும்பம் நாட்டை விட்டுப் போனது, எல்லாம். வேலை போய்விடும், போகட்டும், பஸ் ஏறி வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். உண்மையைச் சொன்னால் அப்படி ஆக வேண்டும் என்றே ஆசைப்பட்டேன்.

அவர் சிரித்தார். "குடும்பத்துக்குள்ள யாரு வரைஞ்சா என்னய்யா? நமக்கு வேண்டியது வந்தாச் சரி. நீ பாட்டுக்கு வாங்கி வாங்கிக் கொடு" என்றார். அவளையே வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சித்திர அறையில் பெண்களை உட்காரவைக்கும் வழக்கம் இல்லையாம். கப்பல் கதையை மட்டும் குறித்துக்கொண்டார். வாடிக்கைக்காரர்களிடம் சொன்னால் நம் கம்பெனி எவ்வளவு கவனமானது என்று தெரியுமாம்.

வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். விஷயம் தெரிந்த அந்தச் சீனர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் பத்து மாதம். உன் படம் வராவிட்டால் திரும்ப ஓரக்கோடுதான். உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

ஜெயபாலன்


காஜா பேராங்
24 ஆகஸ்ட் 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று படித்ததும் அழுதேன். கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாதி இருக்கிறது.

உங்கள் கம்பெனிக்கு இனி நான் வரையப் போவதில்லை. ஓரக்கோடு போடுங்கள். நேராகப் போடுவீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. என்னுடையதற்கு அதுவும் இல்லை. அம்மா இருக்கும்வரை நான் இங்கேதான். அம்மா சீக்கிரம் போகட்டும் என்று எந்த மகளும் நினைக்கமாட்டாள். அப்படியென்றால் இந்த இடம்தான் என் இடம். ஆனால் மேசையை முன்பக்கத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். அங்கிருந்தும் அம்மா கூப்பிட்டால் கேட்கிறது. உஜோங் பாசிர் மளிகைக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் வேறு ஆர்டரோடு வந்தார்.

இனி முக்கியமானது. மலாய்ப் பரீட்சை இல்லாமல் வயதானவர்கள் மனுக் கொடுக்க இந்த மாதத்தோடு கடைசி என்று சங்கத்தில் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான பேருக்குப் படம் வரைந்தேன். நம் அம்மாவுக்கு இன்னும் மனுக் கொடுக்கவில்லை! அண்ணன் வந்து அழைத்துப் போவார், அண்ணன் வந்து அழைத்துப் போவார் என்று நானும் நாளைக் கடத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். நல்லையா மாமாவும் அஞ்சலை அக்காவும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மூன்று சக்கரப் பெச்சாவில் ஏற்றினார்கள். நாற்காலியும் நானும் அம்மாவும் ஒரே பெச்சாவில். மிதித்தவர் பாடு பாவம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மா தெருவைப் பார்த்தார். வழியெல்லாம் பலகைகளைப் பார்த்து, "இது நீயா? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

குடியுரிமை மனு வாங்கும் ஆபீசில் கூட்டம். இரண்டரை மணி நேரம் வரிசை. அம்மா நாற்காலியில், நான் பின்னால். முறை வந்ததும் கிராணி கேட்டுக் கேட்டு எழுதினார். பொன்னம்மா, வந்த வருஷம், வேலை பார்த்த தோட்டம். இடது பெருவிரலில் மை தடவி வைத்தார்கள். அம்மாவால் கையெழுத்துப் போட முடியாததால், கூட இருந்து விவரம் சொன்னவர் யார் என்று எழுத ஒரு இடம் இருக்கிறது. பெயர், உறவு, தொழில். என் பெயரைக் கேட்டார். உறவைக் கேட்டார். தொழிலை மட்டும் கேட்கவில்லை. அவராகவே எழுதினார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை போலும். வீட்டு வேலை என்று எழுதியிருந்தார்.

"சார், அது தப்பு. நான் படம் வரையுறவ. காஜா பேராங்ல கடை இருக்கு."

"அதனால என்னம்மா? உங்க அம்மா மனுதானே. இது யாரு பார்க்கப் போறா?"

"மாத்தி எழுதுங்க சார்."

"அடிச்சுத் திருத்தினா செல்லாது. புது மனு ஃபாரம் எழுதணும். அதுக்கு மறுபடி வரிசையில நிக்கணும். பின்னால எத்தன பேரு பாருங்க."

பார்த்தேன். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலையில் குடித்த கஞ்சியோடு சரி. வெயில் வேறு ஏறிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக இவரை இன்னும் இரண்டரை மணி நேரம் இப்படி வைத்திருக்க எனக்கு என்ன உரிமை? சரி சார், அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அம்மா இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்தார். குழறல்தான். ஆனால் கிராணிக்கும் கேட்டது.

"போய் நில்லுடி. நான் உக்காந்துதானே இருக்கேன்."

அண்ணா, அவர் என்னிடம் அப்படி ஒன்று சொல்வார் என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை. மாமா நாற்காலியைத் தூக்கினார். வரிசையின் கடைசிக்குப் போனோம். அஞ்சலை அக்கா எங்கிருந்தோ தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் வாங்கி வந்து அம்மாவுக்கு ஊட்டினார். முன்னால் நின்றவர்கள் சிலர், "கிழவிய முன்னால வுடுங்கப்பா" என்றார்கள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

மணி மூன்றுக்கு மேல் திரும்ப அதே மேசை. கிராணி புது ஃபாரத்தை எடுத்தார். எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டார். அம்மா பெயர், வந்த வருஷம், தோட்டம், பெருவிரல். என் பெயர். உறவு. பிறகு பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தொழில்?"

"விளம்பரச் சித்திரக்காரி."

அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடமே கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

கோகிலா